மூன்றே கால் அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

என் அன்புக்கும் மதிப்புக்கும் என்றும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இடது காது இப்போது எப்படி இருக்கிறது? தொலைபேசியில் பேசலாமென்றுதான் பார்த்தேன். ஆனால் போன தடவை பேசியபோது சேதி உங்களுக்கு எட்டுவதற்குள் தெருக்கோடி வரை எட்டிவிட்டது, எதிர்வீட்டுக்காரர் மறுநாள் வந்து ஆறுதல் சொன்னார். அதனால்தான் கடிதம். என் முட்டிகள் இரண்டும் மிகவும் நலம். ஏன் நலம் என்பது பெரிய கதை, அது பின்னால் வரும், அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

முதல் காரியம் முதலில். சென்ற மாதம் நான் அனுப்பிய பதினோரு பக்கக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்காவிடம் காட்டியிருந்தால் அவர்களையும் மறந்துவிடச் சொல்லுங்கள். “முப்பத்தொரு வருடம் தலைநிமிர்ந்து வேலை பார்த்தவன், கடைசிப் பத்து மாதம் ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் கைகட்டி நிற்க மாட்டேன், வேலையை உதறிவிட்டு வருகிறேன், உங்கள் மாடி அறையை எங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்” என்று அதில் எழுதியிருந்தேன் அல்லவா? மாடி அறை வேண்டாம் மச்சான். வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். பாதி அடித்துவிட்டிருந்தால் மீதியையும் அடித்து வேறு யாருக்காவது வாடகைக்கு விடுங்கள். நான் பிழைத்துக்கொண்டேன், வேலையும் பிழைத்துக்கொண்டது, இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. முன்னறையில் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். பின்னறையில் எழுத முடியாது, அங்கே பஞ்சு பறக்கிறது. உங்கள் தங்கை பொழுது போகவில்லையென்று மெத்தையும் திண்டும் தைக்க ஆரம்பித்தாள் அல்லவா, அந்தப் பொழுதுபோக்கில் இப்போது ஐந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவளுக்கும் ஏதாவது செய்துகொண்டிருந்தால்தானே பொழுது போகும், நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். அலுவலக நாற்காலி செய்கிறோம். சுற்றாது, சாயாது, ஏறாது, இறங்காது. நாற்காலி என்றால் நான்கு காலில் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் ராட்டினம் என்பது எங்கள் பெரிய முதலாளியின் கொள்கை. பெரிய முதலாளி ஆறடி இரண்டங்குலம், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். கம்பெனி ஆரம்பித்த அன்று அவர் உட்கார்ந்து பார்த்து, தன் கால் தரையில் வாகாகப் படுகிற உயரத்தில் முதல் நாற்காலியை வெட்டச் சொன்னாராம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் முதல் வேலை நாளில் அவர் உட்காருவார், அளவுப் பிரிவு மேலாளராகிய நான் முட்டி போட்டு, தேக்குக்கட்டையில் செய்த அளவுகோலை அவர் காலோடு ஒட்டி நிறுத்தி, முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து, அளவுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெட்டும் பிரிவுக்கு அனுப்புவேன். அந்த வருடம் பூராவும் அதே அளவில்தான் நாற்காலி. ஒரு வருடம் அவருக்கு உள்ளங்கால் வீங்கியிருந்தது. அந்த வருடத்து நாற்காலிகள் எல்லாம் அரை அங்குலம் உயரம் கூட. வாங்கியவர்கள் யாரும் வந்து சண்டை போடவில்லை, ஆகவே உலகத்துக்கே கால் வீங்கியிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட பெரிய முதலாளி, வயதாகிவிட்டது, இனி வீட்டில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகன் எங்கோ வெளிநாட்டில் ஊராருக்குப் பல் பிடுங்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார், நாற்காலி வேண்டாமாம். அடுத்தது யார் என்று பேச்சு வந்தபோது என் பெயரும் அடிபட்டது. அடிபட வைத்தவன் நான்தான் என்பது வேறு விஷயம். கடைசியில் இயக்குநர்கள் மூன்று பேரும் கூடி உட்கார்ந்து ஓர் அம்மையாரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெளியாள் இல்லை. பத்தொன்பது வயதில் எங்கள் தையல் பிரிவில் இருக்கைத் துணி தைக்க வந்தவர். அங்கிருந்து சரிபார்ப்புக்குப் போனார், அங்கிருந்து சரக்கு அனுப்பும் பிரிவு, அப்புறம் விற்பனைப் பிரிவு, அதற்குத் தலைவி. இருபத்திரண்டு வருடத்தில் கம்பெனியில் அவர் உட்காராத பிரிவு என்னுடையது ஒன்றுதான். எல்லாரும் அவரைச் சுருக்கம்மா என்போம், அவர் காதில் விழாமல். யார் வாயைத் திறந்தாலும் “சுருக்கமா சொல்லுங்க” என்பார். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று இயக்குநர்களில் இரண்டு பேர் மனதாரத் தலையாட்டினார்கள். மூன்றாமவர் பெரிய மீசைக்காரர், நல்ல உயரம், அவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, “ஆறு மாசம் பார்ப்போம். முதல் ஆர்டர்ல சொதப்பினா வேற ஆளைப் போட்டுடலாம்” என்று சொன்னதை நானே கேட்டேன். முதல் ஆர்டர் சின்னதும் இல்லை. வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் அலுவலகம் ஒன்று, நானூறு பேர், நாள் பூராவும் உட்கார்ந்தே வேலை. அவர்களுக்கு நானூறு நாற்காலி. அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அந்த அம்மையார் நிலைப்பார், இல்லையென்றால் போவார். அதை யார் கெடுக்கப்போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் காலை நான் அறைக்குள் போய், “குட் மார்னிங் சார்” என்றேன். பழக்கதோஷம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, “ஸாரி சார்” என்றேன். “பரவாயில்லை” என்றார். “தேங்க்யூ சார்” என்றேன். அந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்து, “இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நானும் உங்களை மேடம்னு கூப்பிடுவேன்” என்றார். அப்புறம் எனக்கு அந்தத் தவறு வரவே இல்லை. ஆனால் நான் அன்று கண்டது வேறு. பெரிய முதலாளியின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மேசைக்குக் கீழே அவர் செருப்பு இரண்டும் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கின்றன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பெனித் தலைமையின் கால் தரையில் படவில்லை என்றால் அளவுப் பிரிவு என்ன புடுங்கிக்கொண்டிருக்கிறது என்று நாளைக்கு ஒருவர் கேட்கமாட்டாரா? மத்தியானம் பார்த்தால் அவரே பழைய வருகைப் பதிவேடுகள் மூன்றை எடுத்து அடுக்கி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது, அதில் ஒன்றில் என் பழைய கையெழுத்துகளும் இருந்தன.

மச்சான், புதுத் தலைமை வந்தால் புது அளவு. இது கம்பெனி வழக்கம். ஆனால் ஒரு பெண்மணியின் முன்னால் நான் எப்படி முட்டி போட்டு அளவுகோலை நீட்டுவேன்? கேட்பதற்கும் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போய், மேசைக்கடியில் மண்டியிட்டு, அந்த மூன்று பதிவேடுகளின் உயரத்தை அளந்தேன். மூன்றே கால் அங்குலம். பழைய அளவில் அதைக் கழித்தால் புது அளவு, எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. எழுந்திருக்கப் போனால் வாசலில் அவர் நிற்கிறார்.

“என்ன தேடுறீங்க?”

“பென்சில், மேடம்.”

“காதுல இருக்கு.”

காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு நேராக என் இடத்துக்குப் போனேன். அளவுச் சீட்டு எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், வெட்டும் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்களும் முப்பது வருடமாக என் சீட்டைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள், ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. பன்னிரண்டு நாளில் நானூறு நாற்காலியும் மூன்றே கால் அங்குலம் குட்டையாக, வரிசை வரிசையாக, பளபளவென்று நின்றன. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவர் பார்த்து ஆச்சரியப்பட்டு, “நான் சொல்லாமலே செஞ்சிட்டீங்களே” என்று பாராட்டுவார், நான் “என் கடமை மேடம்” என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரக்கு அனுப்புவதற்கு முதல் நாள், இயக்குநர்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு அவர் கிடங்குக்கு வந்தார். மீசைக்காரர் முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தினமும் உட்காருகிற நினைப்பில் தடாலென்று உட்கார்ந்தார். நாற்காலி அவர் நினைத்த இடத்தில் இல்லை. அதற்கும் கீழே இருந்தது. “ஐயோ!” என்று ஒரு சத்தம். முட்டி இரண்டும் மேலே எழும்பி மீசையை மறைத்துக்கொண்டன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பேர் தூக்கினோம், அதில் ஒருவன் நான். “என்ன இது, பாலர் பள்ளிக்கூடத்துக்கா அனுப்புறீங்க?” என்று கத்தினார்.

சுருக்கம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கால் அழகாகத் தரையில் படிந்தது. தன் காலையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, “இது யாரோட அளவு?” என்றார். “உங்க அளவுதான், மேடம்” என்றேன். மீசைக்காரர் மற்ற இருவரையும் பார்த்து, “அன்னைக்கே சொன்னேனா இல்லையா? முதல் ஆர்டரே” என்று ஆரம்பித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அம்மையார் என் பக்கம் கையை நீட்டியிருக்கலாம், இந்த ஆள் என்னைக் கேட்காமல் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அன்றே வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் எழுந்து நின்று, “கம்பெனியில நடந்தா அது என் பொறுப்பு. மூணு நாள் கொடுங்க” என்றார். அவ்வளவுதான், சுருக்கமாக. முப்பத்தொரு வருடத்தில் எனக்காக யாரும் அப்படி முன்னால் வந்து நின்றதில்லை மச்சான். பெரிய முதலாளி நல்ல மனிதர், ஆனால் கால் வீங்கிய வருடம் கணக்குத் தவறிப் போச்சு என்று என்னைத்தான் எல்லார் முன்னாலும் திட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குச் சிந்துவதுபோல் ஒதுங்கிக்கொண்டேன்.

மாலையில் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். நான்கு பக்கம். படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் வரியிலேயே கையைக் காட்டினார்.

“சுருக்கமா சொல்லுங்க.”

“நான் போறேன், மேடம்.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“பெரிய முதலாளிகிட்டயும் கேட்டதில்லை, மேடம். வழக்கம் அதுதான்.”

“அவரை அளந்தப்போ அவருக்குத் தெரியும். என்னை அளந்தப்போ நீங்க பென்சில் தேடினீங்க.” என் கை தானாகக் காதுப் பக்கம் போய்ப் பென்சிலைத் தொட்டது. “நானும் ஒரு ஆள்தான். அந்த ஆபீஸ்ல நானூறு பேர் உட்காரப்போறாங்க. அவங்க கால் எப்படி இருக்குன்னு இந்தக் கம்பெனியில யாராவது போய்ப் பார்த்திருக்கோமா?”

“இல்லை, மேடம்.”

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி. அளவுக்கட்டையை எடுத்துட்டு வாங்க. போறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மறுநாள் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தோம். எட்டு வரிசை, வரிசைக்கு ஐம்பது பேர், எல்லார் காதிலும் ஹெட்போன். அவர்கள் உட்கார்ந்திருந்தது எங்கள் நாற்காலிதான், ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் அனுப்பிய பெரிய முதலாளி அளவு, அது தேய்ந்துபோய்த்தான் புதிது கேட்டிருக்கிறார்கள். “கீழே பாருங்க” என்றார் சுருக்கம்மா. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஏதோ ஒன்று. செருப்புப் பெட்டி, பழுதான பிரிண்டர், கைப்பை, கவிழ்த்துப்போட்ட பூந்தொட்டி. ஒரு பெண் தன் சாப்பாட்டுப் பை மேலேயே காலை வைத்துக்கொண்டு யாருக்கோ இனிமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேற்பார்வை பார்க்கும் அம்மா வந்தார். “இப்பவாவது வந்தீங்களே. மூணு தடவை புகார் எழுதிப் போட்டோம். ஒரு தடவைதான் பதில் வந்தது, இன்னும் வச்சிருக்கேன்” என்று இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சுருக்கம்மாவிடம் கொடுத்தார். அவர் சத்தமாகவே படித்தார். “எங்கள் நாற்காலியின் உயரம் சரியானது. தங்கள் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும். நாளடைவில் பழகிவிடும்.” கீழே என் கையெழுத்து. நல்லவேளை, கையெழுத்தில் முகம் தெரியாது. நான் மிகவும் மும்முரமாகக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்களை எப்படி அளப்பது என்று நான் தயங்கியதைப் பார்த்து, “அவங்களே அளந்துப்பாங்க, நீங்க எழுதுங்க” என்றார். கட்டை கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் தானே நிறுத்திப் பார்த்து அளவைச் சொன்னார்கள், நான் எழுதினேன். எங்கள் புது நாற்காலி ஒன்றையும் பழையது ஒன்றையும் நடுவில் போட்டு எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். சாயங்காலம் கூட்டிப் பார்த்தோம். இருநூற்று நாற்பது பேருக்குக் குட்டை நாற்காலி சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியது. நூற்று இருபத்தொன்பது பேருக்குப் பழைய அளவு. மீதி முப்பத்தொரு பேருக்கு இரண்டும் சரிப்படவில்லை. குட்டை நாற்காலிகளைக் காதும் காதும் வைத்தாற்போல வெட்டி விறகாக்கிவிடுவார்கள் என்று பயந்திருந்த எனக்கு, அந்த இருநூற்று நாற்பதைக் கேட்டபோது வண்டியிலேயே ஒரு பாட்டுப் பாடலாம் போலிருந்தது. பழைய உயரத்தில் சென்ற வருடத்து நாற்காலிகள் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தன, அதைத் தட்டி எழுப்பினோம். முப்பத்தொரு பேருக்காக நடுவில் ஓர் அளவு வெட்டச் சொன்னார். எங்கள் கம்பெனியில் இப்போது மூன்று அளவு மச்சான், மூன்று! மூன்றாம் நாள் மாலை நானூறும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே அந்த அலுவலகத்தார் தங்கள் மற்றக் கிளைக்கும் வந்து அளந்து போகச் சொன்னார்கள். மற்ற இரண்டு இயக்குநர்களும் கைகுலுக்கினார்கள், ஆறு மாதப் பேச்சே அதோடு போய்விட்டது. மீசைக்காரர் மட்டும் கைகுலுக்கவில்லை, ஆனால் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, தன் முழங்காலையும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொன்னார்.

குட்டை நாற்காலியில் நூற்று அறுபது மிஞ்சியது. அதில் முதல் அறுபதைச் சுருக்கம்மா எங்கள் தையல் பிரிவுக்கே அனுப்பினார். நாற்காலி செய்கிற கம்பெனியில் எங்கள் பெண்கள் மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்துத்தான் இத்தனை வருடமாகத் தைத்தார்கள். “காலுக்கடியில் பெட்டி வைப்பது கம்பெனி ஒழுங்குக்கு அழகல்ல” என்று ஒரு சுற்றறிக்கைகூட வந்தது. அதையும் எழுதியவன் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். புது நாற்காலி போய் இறங்கியபோது நான் கதவோரமாக நின்று பார்த்தேன். அறுபது பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். உள்ளதைச் சொல்கிறேன், வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பஞ்சை அடைத்துக்கொண்டே கேட்டாள், சிரித்தாள், சிரித்துச் சிரித்து ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “எவ்வளவு குட்டைன்னு சொன்னீங்க?” என்றாள். மூன்றே கால் என்றேன். எழுந்துபோய் அளவுநாடாவைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியின் காலில் வைத்துக் காட்டினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பெரிய முதலாளி கொடுத்த நான்கு நாற்காலி, உங்களுக்கும் தெரியும். நான்கும் மூன்றே கால் அங்குலம் குட்டை! மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஐந்து நாள் வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தபோது தச்சரைக் கூப்பிட்டு அறுத்துவிட்டாளாம். முதலில் ஒவ்வொரு புத்தகமாகக் காலுக்கடியில் அடுக்கிப் பார்த்து அளவு கண்டுபிடித்தாளாம். நான் முப்பத்தொரு வருடம் அளவுப் பிரிவு மேலாளர், தினம் மூன்று வேளை அதில் உட்காருகிறேன், எனக்குத் தெரியவில்லை. மேசை ஏன் மார்புக்கு வருகிறது என்று டாக்டரிடம் கேட்டேன், வயதானால் ஆள் கொஞ்சம் குறுகுவது சகஜம் என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். முட்டி வலிக்கு மூன்று வருடம் தைலம். “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. கல்யாணமான புதுசுலயே, கால் எட்டலைன்னு சொன்னேன். பழகிடும்னு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என் வாக்கியம்தான், அதற்குச் சாட்சி ஓர் அலுவலகத்து இழுப்பறையில் இருக்கிறது. மறுநாள் கிடங்கிலிருந்து எனக்காக ஒரே ஒரு பழைய உயர நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்தேன். மேசை மறுபடி வயிற்றுக்கு வந்துவிட்டது, முட்டி வலி போன இடம் தெரியவில்லை. என் உயரமும் திரும்பிவிட்டது. இந்தக் கதையைச் சுருக்கம்மாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்லவில்லை, முழுக்கக் கேட்டார். உங்கள் தங்கை திண்டு தைத்துக் கொடுக்கிற வாடிக்கையாளர்களின் முதுகு, இடுப்பு, முழங்கால் என்று நூற்றுக்கணக்கானவர்களின் அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதைப் பார்க்க முடியுமா என்றார். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனுஷி, சின்ன விஷயத்துக்கும் மரியாதை கொடுக்கிறார்.

ஆகவே மச்சான், நான் சொல்ல வந்தது இதுதான். பெண்களுக்குக் கீழே வேலை பார்ப்பதில் எனக்கு இனி ஒரு கஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருக்கிறது. தவறு செய்தால் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். மீதி மாதங்களையும் அந்த அம்மையாருக்குக் கீழேயே சந்தோஷமாக முடித்து, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். உங்கள் தெருவில் யாராவது இந்த விஷயத்தில் முணுமுணுத்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் விளக்குகிறேன். மாடி அறை எங்களுக்கு அறவே வேண்டாம், இதை இரண்டாவது முறையாகவும் எழுதிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். உங்கள் காது சீக்கிரம் குணமாகி என் குரலைத் தெளிவாகக் கேட்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் தொலைபேசி வந்தது. சுருக்கம்மா. என்னை இல்லை, உங்கள் தங்கையைக் கேட்டார். இரண்டே நிமிடம் பேசினார்கள். வந்து சொல்கிறாள், நோட்டைப் பார்த்தாராம், அளவுப் பிரிவுக்குத் தலைவியாக வருகிறீர்களா என்று கேட்டாராம், அதாவது எனக்கு மேலே. இவள், “வேலைக்கு வரமாட்டேன், எனக்கே இங்க அஞ்சு பேர் இருக்காங்க. வேணும்னா ஒப்பந்தம் போடலாம்” என்றிருக்கிறாள். உடனே சரி என்றுவிட்டாராம்! இனி கம்பெனியின் அளவும் திண்டும் எல்லாம் இவளிடமிருந்துதான். கம்பெனி சார்பில் ஓர் ஆள் தினமும் இங்கே வந்து அளவுச் சீட்டில் இவளுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆள் நான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரியாக வரவேண்டுமாம், முன்வாசல் வீட்டுக்காரர்களுக்காம், பின்வாசல் வழியாக வரவேண்டுமாம், வரும்போது கதவைத் தட்ட வேண்டுமாம். மச்சான், வெளியில் ஒரு பெண்மணிக்குக் கீழே வேலை பார்ப்பது வேறு, சொந்த வீட்டுப் பின்னறையில் பார்ப்பது வேறு. மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளையடிப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

அண்ணா, நான்தான் எழுதுகிறேன். உறை ஒட்டாமல் இருந்தது, படித்துவிட்டேன். மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள், இவர் எங்கும் வரமாட்டார். நாளைக்கு ஒன்பது மணிக்குப் பின்வாசல் வழியாக வருவதற்காக இப்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார், கட்டையைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். பென்சில் தேடுகிறாரோ என்று நினைத்தேன். “உனக்குக் கால் எட்டுதா?” என்று கேட்டார். இருபத்தெட்டு வருடம் கழித்துக் கேட்டார், ஆனாலும் கேட்டார். எட்டுகிறது அண்ணா.